ஸ்லோவில் நிற்காத வண்டி

தெரியாது என்ற சொல் எனக்கு வாயில் வராது. பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருப்பவனுக்கு அது தொழிலோடு வரும் வியாதி. ஓவர்லாக் மெஷின் நூலை அறுத்தாலும், பேட்லாக் மெஷின் விட்டு விட்டுத் தைத்தாலும், டைலர் கையைத் தூக்கியதும் ஓடிப்போய் மெஷின் தலைமேல் காதை வைப்பேன். என்ன கோளாறு என்று தெரிகிறதோ இல்லையோ, "இது லூப்பருங்க" என்று அடிநூலைக் கோக்கும் கொக்கிமேல் பழியைப் போட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பேன். முக்கால்வாசி லூப்பராகத்தான் இருக்கும். இல்லாதபோது லூப்பர் என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ சரிசெய்துவிடுவேன். இப்படியே பேர் வாங்கிப் பேர் வாங்கி, நான் காது வைத்தால் எந்த மெஷினும் உண்மையைக் கக்கிவிடும் என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

அந்த நம்பிக்கையில் மண் அள்ளிப் போட்டது என் பைக்தான். பழைய நூறு சிசி வண்டி. இப்போது வருகிற வண்டிகளில் கார்புரேட்டரே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. என்னுடையது பெட்ரோலையும் காற்றையும் கார்புரேட்டரில் கலந்து குடிக்கிற காலத்து வண்டி. கம்ப்யூட்டர் வைத்த வண்டி எதற்கு, அதைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேனே என்று என் மனைவியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அவளைத் தினமும் வேலைக்குக் கொண்டுபோய் விடுவது இந்த வண்டியில்தான். எங்கள் வீடு மண்ணரையில். அவள் கம்பெனி காங்கேயம் ரோட்டில். பல வருஷம் செக்கிங்கில் இருந்தாள். பனியனை விரித்து ஓட்டை, கறை, விட்ட தையல் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வேலை. இந்த வருஷம்தான் லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது குறைவு. காலையில் குக்கரும் தண்ணீர்க் குடமும். ராத்திரி அவளுக்கு அசதி, எனக்கு டிவி முன்னால் தூக்கம். பேச்சு என்றால் அது அந்தக் காலைப் பயணம்தான். ஹெல்மெட்டை என் தோளோடு சாய்த்துக்கொண்டு கத்திப் பேசுவாள். மகள் காலேஜில் என்ன எடுக்கப்போகிறாள் என்பது, மச்சான் வீட்டில் என்ன சண்டை என்பது, அவளுக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்தது எல்லாமே என் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்த சேதிகள். அந்த நேரம் எனக்கு வேண்டும். அவளிடம் இதைச் சொன்னதில்லை, ஆனால் எனக்கு அது வேண்டும்.

வண்டிக்கு வந்த கோளாறு இதுதான். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் அணையாமல் ஒரே சீராக மெதுவாக ஓட வேண்டும். அதை ஸ்லோ என்பார்கள். என் வண்டி ஸ்லோவில் நிற்கவில்லை. சிக்னலில் நின்றால் உர்ரென்று ஏறும், மூச்சு வாங்குவதுபோல் இறங்கும், மறுபடி ஏறும், இறங்கும், அப்புறம் அணைந்துவிடும். அணைந்தபின் எவ்வளவு உதைத்தாலும் வராது. ஓரமாகத் தள்ளி நிறுத்திக் கொஞ்ச நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும்.

இதனால் அவள் அடிக்கடி லேட்டாகப் போனாள். செக்கிங்கில் இருந்தபோது லேட்டானால் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளலாம். சூப்பர்வைசர் லேட்டானால் லைன் முழுக்கத் தலையைத் தூக்கிப் பார்க்கும். அவள் கம்பெனி வேன் ஒன்று எங்கள் வீதி முனைக்கே வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். இத்தனை வருஷமும் அதில் ஏறாமல்தான் என்னோடு வந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இன்னொரு தடவ வண்டி நின்னுச்சுன்னா நான் வேன்லயே போயிக்கறனுங்க" என்றாள் ஒருநாள்.

நிதானமாகத்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்யலாம். நிதானமாகச் சொன்னால் அவள் முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம்.

"அது சும்மா காத்துக் கோளாறு அம்மிணி. எங்கியோ காத்து உள்ள போவுது. கண்டுபுடிச்சு அடச்சுட்டாச் சரியாயிரும்" என்றேன். என் கட்சி அதுதான். எங்கேயோ ஒரு சந்து வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது, அதனால் இன்ஜின் திணறுகிறது. கார்புரேட்டர் வண்டிகளில் இப்படி நடப்பது உண்டு. ஆகவே என் வண்டியிலும் அதுதான் நடக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன்.

முதலில் ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகினேன். பிறகு ஏர் ஸ்க்ரூவைத் திருகினேன். பிறகு இரண்டில் எதை எவ்வளவு திருகினேன் என்பது மறந்துபோய் இரண்டையும் சேர்த்துத் திருகினேன். பிளக்கை மாற்றினேன், ஏர் ஃபில்டரை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, அதில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டுக்குள் ஓவர்லாக் ஊசியை விட்டுக் குடைந்தேன். ஜெட்டுக்குள் ஊசி விடக்கூடாது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் என் சட்டைப்பையில் எப்போதும் இருப்பது ஊசிதானே. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் மேல் சந்தேகம் வந்து, கம்பெனியில் மீந்த இடுப்பு எலாஸ்டிக்கை அதன்மேல் இறுக்கிச் சுற்றினேன். ஏற்றுமதித் தரத்து எலாஸ்டிக். வண்டி அந்தக் கோலத்தில் ஜட்டி போட்டதுபோல் இருந்தது என்று மகள் சொன்னாள்.

என்னை நிஜமாகவே பைத்தியமாக்கியது என்னவென்றால், நான் எதைச் செய்தாலும் வண்டி சரியாகிவிட்டது. ஸ்க்ரூவைத் திருகினாலும் சரியானது, பிளக்கை மாற்றினாலும் சரியானது, எலாஸ்டிக் சுற்றினாலும் சரியானது. அன்று மாலைவரை நன்றாக ஓடும். மறுநாள் காலை அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, மண்ணரையைத் தாண்டுவதற்குள் உர்ர் உர்ரென்று ஆரம்பித்துவிடும். பைக் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கேயும் இதே கதை. அவர் முதல் வேலையாகப் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்வார். வண்டி சமர்த்தாக ஓடும். "நல்லாத்தானுங்க ஓடுது" என்று என்னை ஒருமாதிரி பார்ப்பார். நான் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வருவேன்.

டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தால் வண்டி சீக்கிரமே நிற்கிறது, குறைவாக இருந்தால் கொஞ்ச தூரம் கூடுதலாகப் போகிறது என்பதையும் நான் கவனித்தேன். கவனித்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். கவனித்துவிட்டு, பெட்ரோல் பாரம் தாங்காமல்தான் வண்டி திணறுகிறது என்று முடிவு செய்தேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

ஸ்பேனரும் ஊசியும் கைவிட்ட பிறகு முருகனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எங்கள் கம்பெனியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூஜை. முன்பு அதைப் பார்த்துக்கொண்டவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதால், இந்த வருஷத் தொடக்கத்திலேயே அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. சந்தனத்தைக் குழைத்து, ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வருவேன். கடைசியில் கிண்ணத்தில் மீந்த சந்தனத்தை வீணாக்காமல் ஸ்டாண்டில் நிற்கும் என் பைக்குக்கு வைப்பேன். ஹெட்லைட்டில் ஒன்று, ஹேண்டில்பார் நடுவில் ஒன்று, டேங்க் மூடிமேல் ஒன்று. வண்டி நின்று நின்று போக, என் பக்தியும் ஏறியது. போன வாரப் பொட்டைத் துடைக்க மனசு வராமல் அதன்மேலேயே இன்னொரு பொட்டு. கோளாறு மோசமான வாரங்களில் சந்தனத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே குழைத்தேன்.

அப்படிக் கூடுதலாகக் குழைத்த ஒரு வெள்ளிக்கு மறுநாள், ஆற்றுப் பாலத்தின் மேல் வண்டி நின்றது. இந்தத் தடவை ஏறி இறங்கவெல்லாம் இல்லை. இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது. அவள் இறங்கி, சாப்பாட்டுப் பையை அணைத்துப் பிடித்தபடி ஓரமாக நின்றாள். நான் உதைத்தேன். நான் இன்னும் உதைத்தேன். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டுத் திரும்பினால் அவளுடைய கம்பெனி வேன். டிரைவர் வேகத்தைக் குறைத்து, கதவைத் திறந்துவிட்டார். உள்ளே இருந்த பெண்கள் "அக்கா, வாங்க்கா" என்று நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஏறிக்கொண்டாள். தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து ஹெல்மெட்டோடே வேனில் உட்கார்ந்து போனாள். சிரிப்பு வரவேண்டிய காட்சி. எனக்கு வரவில்லை.

வேன் மறைந்து கொஞ்ச நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனது. அதை அங்கேயே ஆற்றில் தள்ளிவிட்டிருப்பேன். நொய்யல் இப்போது இருக்கிற நிலையில் வண்டி மூழ்கக்கூட மூழ்காது என்பதால் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் வேனில் போனாள். சொன்னால் சொன்னதுதான். நான் தனியாக வேலைக்குப் போய் வந்தேன். பின்னால் பாரம் இல்லாததால் வண்டி லேசாக இருந்தது. எனக்கு அந்த லேசு பிடிக்கவில்லை. ஒருநாள் கடைவீதியில் யாரோ இரண்டு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். "பாத்தியா அம்மிணி" என்று தலையைத் திருப்பிச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியைப் போட்டுப் பிரித்தேன். கார்புரேட்டர், ரப்பர், பைப் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். டேங்குக்குள் குப்பை இருக்குமோ என்று மூடியைத் திறந்து சீட்மேல் வைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். குப்பை இல்லை. வண்டியை ஸ்டார்ட் செய்தேன். ஸ்லோவில் அப்படியே நின்றது. டீ குடித்துவிட்டு வந்தேன், நின்றது. பக்கத்து வீட்டுக்காரரிடம் அரசியல் பேசிவிட்டு வந்தேன், அப்போதும் நின்றது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூடியைப் போட்டுத் திருகிவிட்டு, சமையல்கட்டைப் பார்த்துச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.

அவள் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி மெதுவாக வந்தாள். வந்து நின்றாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வண்டியைக் காட்டினேன். உர்ர் என்று ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது. அணைந்தது.

"இத பாரு, இவ்வளவு நேரமும் நல்லா ஓடிட்டு இருந்துச்சு. நீ வந்தாத்தான் நிக்குது" என்றேன். அந்த நிமிஷம் அதை நான் மனசார நம்பினேன். யோசித்துப் பார்த்தால், எப்போதும் அவள் இருக்கும்போதுதானே நின்றிருக்கிறது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். செக்கிங்கில் ஒரு பனியன் பீஸைக் கையில் எடுத்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி.

"நான் வந்ததுல நிக்குதுங்களா, நீங்க மூடி போட்டதுல நிக்குதுங்களா?" என்றாள். "நான் ஜன்னல்ல இருந்து பாத்துட்டுத்தான் இருந்தனுங்க. இவ்வளவு நேரமும் மூடி சீட்டு மேலதான் கெடந்துச்சு."

எரிச்சலாக வந்தது. மூடிக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கு விளக்குவதற்காகவே மூடியைத் திறந்தேன். சுர்ரென்று ஒரு சத்தம். டேங்க் காற்றை உறிஞ்சியது. உதைத்தேன், முதல் உதையிலேயே வந்தது, சீராக ஓடியது. மூடினேன். கொஞ்ச நேரத்தில் உர்ர் உர்ர். திறந்தேன். சீரானது. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மேலே சாவித் துவாரத்தை ஒட்டி ஒரு துளை இருக்க வேண்டும். இருக்க வேண்டிய இடத்தில் வாரா வாரம் வைத்த சந்தனம் அடுக்கடுக்காகக் காய்ந்து, குங்குமத்தோடு இறுகிப்போய் இருந்தது. விஷயம் அவ்வளவுதான். காங்கேயத்தில் இருந்து வரும் தேங்காய் எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் முக்கி முக்கித்தான் வரும், அப்புறம் நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் காற்று உள்ளே போய் எண்ணெய் தடங்கல் இல்லாமல் இறங்கும். எங்கள் வீட்டில் டின் உடைப்பதே நான்தான். என் டேங்க் மூச்சுவிட வைத்திருந்த அந்த இன்னொரு ஓட்டையைத்தான் முருகன் பேரைச் சொல்லி நானே அடைத்திருக்கிறேன். எங்கேயோ காற்று உள்ளே போகிறது என்று மாதக்கணக்காகத் தேடினேன். கோளாறே காற்று உள்ளே போகாததுதான். மெக்கானிக் மூடியைத் திறந்தபோதெல்லாம், ஒவ்வொரு ரிப்பேரின்போதும் நான் பெட்ரோல் பார்த்தபோதெல்லாம் கொஞ்சம் காற்று போய் வண்டி பிழைத்திருக்கிறது. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, அதனால்தான் சீக்கிரமே நின்றிருக்கிறது. என் ஸ்க்ரூவும் ஊசியும் எலாஸ்டிக்கும் ஒன்றும் செய்யவில்லை.

சட்டைப்பையில் இருந்து ஓவர்லாக் ஊசியை எடுத்துத் துளையைச் சுத்தம் செய்தேன். முதல்முறையாக அந்த ஊசி சரியான ஓட்டைக்குள் போனது.

"கம்பெனியில மெஷினுக்கெல்லாம் நீங்கதான பொட்டு வெக்கறீங்க?" என்றாள். "அதுலயும் எங்காச்சு ஓட்டை இருக்குதான்னு பாத்துக்குங்க." உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சமையல்கட்டில் இருந்து அவளும் மகளும் சிரிக்கும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனதும் ஒருவருக்கும் தெரியாமல் எல்லா மெஷினையும் சுற்றி வந்து எண்ணெய்த் துளைகளைப் பார்த்தேன் என்பதை அவர்களிடம் நான் சொல்லவில்லை.

அதற்கு முன்னால், அந்தத் திங்கட்கிழமை காலையே வண்டியைத் துடைத்து வாசலில் ஸ்டார்ட் செய்து வைத்திருந்தேன். ஸ்லோவில் அமைதியாக நின்றது. அவள் சாப்பாட்டுப் பையோடு வந்தாள். கொஞ்ச நேரம் நின்று இன்ஜின் சத்தத்தைக் கேட்டாள்.

"நல்லா ஓடுதுங்க" என்றாள். ஆனால் ஏறவில்லை. "ஆனா நான் வேன்லயே போறனுங்க."

"இனி நிக்காது அம்மிணி. நீதான கண்டுபுடிச்ச?"

"வண்டிக்காகச் சொல்லலீங்க. வேன்ல போனாத்தான் புள்ளைக எங்கிட்டப் பேசுது. லைன்ல நின்னு கேட்டா 'ஒண்ணுமில்லீங்க்கா'ன்னு தலையக் குனிஞ்சுக்குது. தேனிப் பக்கத்துப் புள்ள ஒண்ணு, ஒரு வாரமா ஒழுங்காச் சாப்பிடலையாமா. வேன்ல பக்கத்துல உக்காந்ததுனாலதான் சொல்லுச்சு. இந்திக்காரப் புள்ளைக எனக்கு இந்தியில ஒண்ணு ரெண்டு எண்ணச் சொல்லிக் குடுக்குது. இத்தன நாளும் நான் தனியா வந்து எறங்குனதுல எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போச்சுங்க."

நான் வண்டியைப் பார்த்தேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. கோளாறு வண்டியில் இருந்தவரைக்கும் எனக்குக் கழற்றவும் மாட்டவும் ஏதாவது இருந்தது. அவள் சொன்னதில் கோளாறே இல்லை, கழற்ற ஒரு ஸ்க்ரூகூட இல்லை. அவள் சொன்னது சரி. இவ்வளவு நல்ல சூப்பர்வைசரை என் பேச்சுத் துணைக்காகப் பிடித்துவைக்க எனக்கு என்ன உரிமை. சரி என்று தலையை ஆட்டினேன். முகத்தை மறைக்கத் தெரியாதவன் நான்.

அவள் இரண்டு எட்டு நடந்துவிட்டு நின்றாள்.

"வேன் நிக்கற எடம் வரைக்கும் வேணா கொண்டாந்து உடுங்க."

வீதி முனை நடந்தாலே வந்துவிடும். வண்டி இரண்டாவது கியருக்குப் போவதற்குள் முனை வந்துவிட்டது. வேன் வரவில்லை. நான் இன்ஜினை அணைக்கவில்லை, அவளும் இறங்கவில்லை. காற்றுச் சத்தம் இல்லாததால் கத்த வேண்டிய தேவை இல்லாமல், சாதாரணக் குரலில் அந்தத் தேனிப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். லைனில் ஒரு பேட்லாக் தையல் விடுகிறது, அவர்கள் மெக்கானிக்குக்குப் பிடிபடவில்லை என்றாள். லூப்பராக இருக்கும் என்று சொல்ல வாய் வரை வந்தது. "தெரியலயே அம்மிணி, பாத்தாத்தான் தெரியும்" என்றேன். என் முதுகில் அவள் சிரிப்பது தெரிந்தது.

வேன் வந்து நின்றது. டிரைவர் என்னையும் வண்டியையும் பார்த்தார். பாலத்தில் என்னைப் பார்த்த அதே டிரைவர். வண்டி அவ்வளவு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததில் அணைந்து கிடக்கிறது என்று நினைத்துவிட்டார்.

"இன்னுமா சரியாகலீங்க?" என்றார் பரிதாபமாக.

என் கை ஆக்சிலேட்டர் மேல்தான் இருந்தது. ஒரு முறுக்கு முறுக்கிக் காட்டியிருக்கலாம். பழைய நானாக இருந்தால் காட்டியிருப்பேன், கூடவே கார்புரேட்டர் பற்றி ஒரு பாடமும் எடுத்திருப்பேன்.

"இல்லீங்க. இன்னும் கொஞ்ச நாள் ஆகும்போல இருக்குதுங்க" என்றேன். "அதுவரைக்கும் தெனம் இங்க கொண்டாந்து உட்டர்றனுங்க."

வேன் படியில் ஒரு காலை வைத்திருந்த அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வண்டி ஓடிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். டிரைவரிடம் அதைக் காட்டிக்கொடுக்காமல் ஏறிப் போய்விட்டாள். மறுநாள் நான் வண்டியை வெளியே தள்ளுவதற்கு முன்பே, வேன் வர நிறைய நேரம் இருக்கும்போதே, சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.